பல்லிவியாவின் ஒரே பிரஜை

எழுபத்து நாலாம் ஆண்டு, பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்று களைத்துப் போயிருந்த திருகோணமலை மக்களுக்கு உலகத்தைக் காட்டுவதென்று மேலிடத்தில் முடிவாயிற்று. உள்துறைமுகத்து ஓரமாக இருந்த வெட்டவெளியில் ஒரே மாதத்துக்குள் தகரத்தாலும் மூங்கிலாலும் கிடுகாலும் பதினெட்டு நாடுகள் எழும்பின. 'கிழக்குக் கரை உலகக் கண்காட்சி' என்பதுதான் முழுப் பெயர். வாசல் வளைவில் அவ்வளவு எழுத்துக்கும் இடம் போதவில்லை. ஆகையால் 'உலகம்' என்று மட்டும் எழுதினால் போதும் என்றார்கள். எழுதியவன் ஸெய்னுதீன்.

ஸெய்னுதீன் கிண்ணியாவைச் சேர்ந்தவன். துறைமுகக் களஞ்சியத்தில் சாயம் பூசுகிற வேலை. பதினொரு வருடமாக அவன் தற்காலிக ஊழியன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, 'நீர் தற்காலிகமாக நியமிக்கப்படுகிறீர்' என்று ஒரு கடிதம் வரும். முப்பத்தைந்து வயதாகியும் கலியாணம் ஆகாததற்கு அந்தக் கடிதம்தான் காரணம். பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம், "நிரந்தரம் ஆகட்டும் தம்பி, பார்ப்பம்" என்று தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். அக்கா ஸல்ஹா ராத்தா வீட்டில், நெல் மூட்டை அடுக்கும் அறைக்குள் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. அங்கேதான் அவன் இருந்தான்.

அவனுக்குச் சினேகிதர் இரண்டு பேர். ஹிஸ்புல்லா கிண்ணியாவில் சில்லறைக் கடை வைத்திருந்தான். இறக்குமதி நின்றபின் கடையில் அலமாரித் தட்டுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. மற்றவன் பாக்கியரத்தினம், லிங்கநகரில் இருந்த கணித வாத்தியார். மூவரும் டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஹிஸ்புல்லாவுக்குக் கடையும் ஐந்து பிள்ளைகளும் வந்த பிறகு, சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஸெய்னுதீனோடு துறைமுகப் பாலத்தடியில் வந்து உட்காருகிறவன் பாக்கியரத்தினம் ஒருவன்தான். பெரிதாக ஒன்றும் கதைக்க மாட்டார்கள். ஆனால் வாரத்தின் மற்ற ஆறு நாளையும் ஸெய்னுதீன் அந்தப் பின்னேரத்துக்காகத்தான் கடத்தினான்.

அந்தப் பாக்கியரத்தினத்துக்கு நைஜீரியாவில் வேலை கிடைத்துவிட்டது. மூன்று வருட ஒப்பந்தம். கண்காட்சி தொடங்குகிற நாள், பின்னேரம் ஐந்தரை மணி ரெயிலில் அவன் கொழும்புக்குப் புறப்பட வேண்டும்.

"காலைமையிலிருந்து பின்னேரம் மட்டும் மூண்டு பேரும் ஒண்டாத் திரிவம்," என்று அவன்தான் சொன்னான். "நான் உலகத்துக்குப் போக முந்தி, உங்கள் ரெண்டு பேரோடையும் உலகத்தை ஒருக்கால் பார்த்திட்டுப் போறன்."

காலை ஒன்பது மணிக்கு மூவரும் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் படிவம் நிரப்ப வேண்டும். முழுப் பெயர், உலகத்துக்கு வருவதன் நோக்கம், உலகத்தில் எவ்வளவு நேரம் தங்க உத்தேசம், முன்பு எப்போதாவது உலகத்திலிருந்து வெளியேற்றப்பட்டதுண்டா என்று கேள்விகள் இருந்தன. ஹிஸ்புல்லா நோக்கம் என்ற இடத்தில் 'சும்மா' என்று எழுதினான்.

மேசையில் இருந்த எழுதுவினைஞர் தலையாட்டினார். "சும்மா வாறவையை உலகத்துக்குள்ளை விட ஏலாது. ஏதாவது நோக்கம் வேணும்."

பாக்கியரத்தினம் 'விடைபெற' என்று எழுதியிருந்தான். அதையும் அவர் திருப்பிக் கொடுத்தார். "அது வெளியேறுற படிவத்திலை எழுதுறது. இது வாற படிவம்."

கடைசியில் மூவரும் 'அறிவு விருத்தி' என்று எழுதினார்கள். வரிசையில் நின்ற எல்லோரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கழுத்தில் தொங்க, உலகத்துக்குள் போனார்கள்.

முதல் மண்டபம் ஒரு பெரிய நாட்டினுடையது. நடுவில் சிவப்பு நிற உழவு இயந்திரம் ஒன்று நின்றது. டீசல் கிடைக்காததால் அதை முப்பது பேர் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர் அதன் விலையைக் கேட்டார். "விலை சொல்ல அனுமதி இல்லை. இது நட்பின் சின்னம்," என்றார் விளக்கம் சொல்லுகிறவர். "நட்பு எத்தினை ஏக்கர் உழும்?" என்று கமக்காரர் கேட்டார். அவரை வெளியே அனுப்பினார்கள்.

அடுத்த மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிஸ்கட் டின்களும் சொக்கலேட்டும் வெண்ணெய்க் கட்டியும் வைத்து, பக்கத்தில் ஒரு பொலிஸ்காரரை நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்க்க நின்ற வரிசை, பாண் வரிசையைவிட நீளம். முறை வந்ததும் ஹிஸ்புல்லா கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றான். நீலநிற டின் ஒன்றை, பிரிந்துபோன உறவுக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"நாலு வருசம் மச்சான். என்ர கடையிலை மேல்தட்டிலை இருந்தது," என்றான்.

"ஒரு ஆளுக்கு அரை நிமிசம்," என்றார் பொலிஸ்காரர்.

மூவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தபோது, மூன்றாவது மண்டபத்தின் முன்னால் கண்காட்சிச் செயலாளர் கதிர்காமத்தம்பி வெள்ளைக் கோட்டு வியர்வையில் நனைய நின்றிருந்தார். மண்டபத்தின் கதவு பூட்டியிருந்தது. மேலே ஸெய்னுதீன் தன் கையால் எழுதிய பலகை: பல்லிவியா.

இந்த நாடு உண்டான கதை ஸெய்னுதீனுக்கு ஓரளவு தெரியும். பட்டியலில் பல்கேரியாவும் பொலிவியாவும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்ததாம். தட்டச்சு செய்தவருக்கு அன்றைக்குக் காய்ச்சலாம். பட்டியல் கொழும்புக்குப் போய், அங்கே மூன்று கையொப்பமும் ஒரு முத்திரையும் விழுந்து திரும்பி வந்தபோது, பல்லிவியா என்றொரு நாடு உலகத்தில் சேர்ந்துவிட்டது. பலகை எழுதும்போது அவன் கந்தோர் ஆளிடம் கேட்டுப் பார்த்தான்: "சேர், இப்பிடி ஒரு நாடு இருக்கோ?" அந்த ஆள் சொன்னார்: "எழுதுறது உம்மட வேலை. இருக்கிறது அவையிட வேலை."

இப்போது செயலாளர் ஸெய்னுதீனை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐசே, நீர்தானே இந்தப் பலகை எழுதினது?"

"ஓம் சேர்."

"அப்ப இந்த நாட்டைப் பற்றி இங்கை நிக்கிற ஆக்களிலை உமக்குத்தான் கூடத் தெரியும். வாரும்."

ஸெய்னுதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செயலாளர் அவனைக் கதவுப் பக்கமாக ஒதுக்கி, பொறுமையாக விளக்கினார். "பிரதம விருந்தினர் பத்து மணிக்கு வாறார். பதினெட்டு நாட்டையும் பார்ப்பார். பல்லிவியா எண்டு ஒண்டு இல்லை எண்டு எனக்கும் தெரியும். ஆனால் அழைப்பிதழிலை அச்சடிச்சாச்சு, கிடுகு வேய்ஞ்சாச்சு. அது இல்லாத நாடு எண்டு எழுதினன் எண்டால், இல்லாத நாட்டுக்கு ஏன் கிடுகு வேய்ஞ்சனீர் எண்டு கேட்பினம். இருக்கிற நாடு, வரேல்லை எண்டு எழுதினன் எண்டால், எங்களை அவமதிச்ச நாட்டோடை ஏன் உறவு எண்டு கேட்பினம். ஆனபடியால் அது இருக்கவும் வேணும், வந்திருக்கவும் வேணும். நீர் அரை மணித்தியாலம் உள்ளுக்கு இரும்."

"சேர், என்ர சினேகிதன் இண்டைக்குப் பயணம் போறான். இண்டைக்கு ஒரு நாள்தான்..."

"உம்மட நிரந்தர நியமனக் கோவை என்ர மேசையிலைதான் கிடக்கு," என்றார் செயலாளர், வேறு ஏதோ ஞாபகம் வந்தவர்போல. "ஒரு கையெழுத்துத்தான் பாக்கி."

ஸெய்னுதீன் திரும்பிப் பாக்கியரத்தினத்தைப் பார்த்தான். பிரயாணத்துக்காகத் தைத்த வெள்ளைச் சேட்டும் மினுக்கிய சப்பாத்துமாக அவன் நின்றான்.

"போ மச்சான். அரை மணித்தியாலம்தானே," என்றான் பாக்கியரத்தினம். "பதினொரு வருசம் பொறுத்தனீ. நாங்கள் இந்தச் சுத்திலைதான் நிப்பம்."

பல்லிவியாவுக்குள் ஒரு கதிரை இருந்தது. சுவர் ஓரமாகத் தட்டுகள் காலியாக இருந்தன. ஸெய்னுதீனுக்கு மேடைத் திரைத் துணியில் ஒரு மேலங்கி போட்டார்கள். எப்போதோ வந்த கப்பலில் சமையற்காரர் விட்டுப்போன உயரமான தொப்பி ஒன்று தலைக்கு வந்தது. கறுப்புக் கண்ணாடியை செயலாளர் தன் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். கழுத்தில் தொங்கிய மஞ்சள் அட்டையைக் கழற்றி, நீல அட்டை மாட்டினார்கள். அதில் 'வெளிநாட்டுப் பிரதிநிதி' என்று அச்சிட்டிருந்தது.

காலித் தட்டுகளைப் பற்றி ஒரு உபகுழு கூடிப் பேசியது. பிறகு விருந்தினரின் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று கிண்ணியாவிலிருந்து வந்திருந்த தயிர்ச் சட்டிகளில் இருபதை எடுத்து அடுக்கி, 'பல்லிவியாவின் தேசிய உணவு' என்று சீட்டு ஒட்டினார்கள். தேசிய கீதம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. வாத்தியக்காரருக்குத் தெரிந்த பாட்டுகள் ஐந்து. நான்கை ஏற்கெனவே வேறு நாடுகளுக்குக் கொடுத்தாயிற்று. ஐந்தாவது, கலியாண வீட்டில் மாப்பிள்ளை வந்து இறங்கும்போது வாசிப்பது. அதையே பல்லிவியாவுக்குக் கொடுத்தார்கள். ஒத்திகைக்காக அதை வாசித்தபோது வெளியே உட்கார்ந்திருந்த சனம் முழுவதும் மரியாதையாக எழுந்து நின்றது. ஸெய்னுதீனுக்காக அந்த மெட்டை யாரும் வாசித்தது அதுதான் முதல் தடவை.

"இனித் தமிழ் கதைக்கக் கூடாது," என்றார் செயலாளர். "சிங்களமும் கூடாது. பல்லிவியா மொழிதான்."

"அது என்ன மொழி சேர்?"

"அது உம்மட பொறுப்பு. உமக்கு ஓதத் தெரியும்தானே, அதிலை நாலு சொல்லு..."

"ஓதுற சொல்லை விளையாட்டுக்குச் சொல்ல மாட்டன் சேர்," என்றான் ஸெய்னுதீன். அன்று முழுவதும் அவன் உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான். பிறகு யோசித்துவிட்டு, கப்பலில் பாரம் ஏற்றி இறக்கும்போது வின்ச்சுக்காரர்கள் கத்துகிற சொற்களைச் சொல்லலாம் என்றான். எந்தக் காலத்து மாலுமிகள் விட்டுப்போன சொற்களோ தெரியாது. 'ஆவேசு' என்றால் தூக்கு, 'ஆரியா' என்றால் இறக்கு, 'ஆஸ்தே' என்றால் மெதுவாக. துறைமுகத்தில் வேலை செய்தவனுக்கு அது விளங்கும். மற்றவனுக்கு வெறும் சத்தம். செயலாளருக்கு அது மற்ற எல்லாவற்றையும்விடப் பொருத்தமாகப் பட்டது.

மொழிபெயர்ப்பாளராகச் சின்னராசா என்ற இளைஞரை நியமித்தார்கள். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துவிட்டு மூன்று வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவர். அவருக்கு எந்த நாட்டைப் பற்றியும் புள்ளிவிபரம் சொல்ல வரும். நாடு இல்லாதது அவருக்கு ஒரு தடையாக இல்லை.

அரை மணித்தியாலம் கழிந்தது. பத்து மணி, பதினொரு மணி ஆயிற்று. விருந்தினர் வரவில்லை. செயலாளர் கதவைத் திறந்து பொதுமக்களை விட்டார்.

சனம் வரிசையாக வந்தது. குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று ஸெய்னுதீனைப் பார்த்தது, தயிரைப் பார்த்தது, மறுபடி ஸெய்னுதீனைப் பார்த்தது. களஞ்சியத்தில் அவனோடு வேலை செய்கிற இருவர் வந்து, "நிறம் எங்கட ஆக்கள் மாதிரித்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவனுக்குத் தலைமயிர் வெட்டுகிறவர் வந்தார். அவன் வாய் திறந்தால் போதும். ஆனால் கயிற்றடியில் பாதுகாவலர் ஒருவர் தடியோடு நின்றார். மேசையில் கிடக்கிற கோவையும் கண்ணுக்குள் நின்றது.

பதினொன்றரை மணிக்கு கிண்ணியாவில் எருமைப் பட்டி வைத்திருக்கிற முஹம்மது தம்பி வந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால், 'நிரந்தரம் ஆகட்டும்' என்று ஸெய்னுதீனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். சின்னராசா ஒரு கரண்டி தயிரை அவருக்குச் சுவை பார்க்கக் கொடுத்தார். முஹம்மது தம்பி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

"இதெல்லுவா தயிர். வெளிநாட்டான் வெளிநாட்டான்தான். எங்கட ஊரிலெ தண்ணியைக் கலந்து பேரைக் கெடுத்துப் போட்டாங்க."

சட்டியின் அடியில் அவருடைய பட்டியின் அடையாளம் சுண்ணாம்பால் போட்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. தொப்பியும் கண்ணாடியுமாக இருந்தவனைத்தான் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சின்னராசாவிடம் கேட்டார். "இந்த மனிசன் கலியாணம் முடிச்சவரா எண்டு ஒருக்காக் கேளுங்க தம்பி. முகத்திலெ ஒரு நல்ல களை இரிக்கி."

சின்னராசா திரும்பி, "ஆரியா ஆவேசு?" என்றார்.

ஸெய்னுதீன் தயிர்ச் சட்டிகளைப் பார்த்தான். பிறகு "ஆரியா," என்றான்.

"பல்லிவியாவில் சனத்தொகை வளர்ச்சி ஒன்றேகால் வீதம் என்று சொல்லுகிறார்," என்றார் சின்னராசா. முஹம்மது தம்பி அதை மதிப்போடு கேட்டுக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் பாக்கியரத்தினமும் ஹிஸ்புல்லாவும் சோற்றுப் பார்சலோடு கயிற்றடிக்கு வந்தார்கள். பாதுகாவலர் மறித்தார்.

"வெளிநாட்டுக்குள்ளை சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோக ஏலாது."

"ஐயா, அவன் கிண்ணியாக்காரன். என்ர அயல் வீடு," என்றான் ஹிஸ்புல்லா.

"அட்டையிலை அப்பிடி இல்லையே. மாவட்டம் விட்டு மாவட்டம் ரெண்டு கொத்து அரிசி கொண்டுபோக விடாத காலம் இது. நாடு விட்டு நாடு சோறு கொண்டுபோக எப்பிடி விடுறது?"

"அப்ப அவனை வெளியிலை விடுங்கோ. பத்து நிமிசம்," என்றான் பாக்கியரத்தினம்.

"அவர் வெளியாலை வாறதெண்டால் எங்கட நாட்டுக்குள்ளை நுழையிற அனுமதி வேணும். அதுக்குச் செயலாளர் கையொப்பம் வைக்க வேணும். செயலாளர் விருந்தினரைப் பார்த்துக்கொண்டு பெருந்தெருவிலை நிக்கிறார்."

இருவரும் எதிரே வாகை மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். பாக்கியரத்தினம் சோற்றை மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கை வாழையிலையோடு மடித்து, புல்லில் ஒரு பக்கமாக வைத்தான். மற்ற இரண்டு பங்கையும் அவர்கள் சாப்பிட்டார்கள். பாக்கியரத்தினத்தின் முகம் பல்லிவியாவின் பக்கமாகவே இருந்தது. தான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால், அவனையே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியுமா என்று ஸெய்னுதீனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கையைத் தூக்கிக் காட்டலாமா என்று நினைத்தான். அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசை ஒன்று குறுக்கே வந்துவிட்டது. வரிசை போனபின் மரத்தடியில் யாரும் இல்லை. துப்புரவுத் தொண்டர் ஒருவர் மடித்த இலையைத் தூக்கிக் குப்பைக் கூடைக்குள் போட்டார்.

அதன்பிறகு வெயிலுக்குச் சனம் குறைந்தது. சின்னராசா தூணில் சாய்ந்து தூங்கினார். கடலில் ஒரு கப்பல் ஊதியது. ஸெய்னுதீன் கதிரையில் இருந்தபடி தயிர்ச் சட்டிகளை எண்ணினான், திரும்பவும் எண்ணினான். ஒரு நாடு முழுவதிலும் தான் ஒருவனாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவன் முன்பு யோசித்ததில்லை. இப்போது யோசித்தபோது, ராத்தா வீட்டு நெல் அறையில் வாரத்தில் ஆறு இரவு அது தனக்குப் பழக்கமான சங்கதிதான் என்று பட்டது. இனி ஏழும் அப்படித்தான். பாக்கியரத்தினத்திடம் சொல்ல வேண்டும் என்று மூன்று சனிக்கிழமையாக யோசித்து வைத்திருந்தவற்றை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சொல்வதற்கென்று வைத்திருந்த நாளில் மீதி இருந்தது இரண்டரை மணித்தியாலம்.

பிரதம விருந்தினர் நாலு மணிக்கு வந்தார். வந்ததும் பேசினார்.

"உலகத்தை நாங்கள் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டோம் என்று சில விஷமிகள் சொல்லுகிறார்கள். இதோ, தகரம் அடித்து உலகத்தை உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறோம். நான் கேட்கிறேன், பிஸ்கட்டைத் தின்றால் எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு நிமிடம். பார்த்தால்? வாழ்நாள் முழுவதும் நினைவில் இருக்கும். எங்கள் மக்களுக்கு நிலையான பொருளையே கொடுக்க நாங்கள் விரும்புகிறோம். வரிசையில் நிற்கிறோம் என்று முறையிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லுவேன். வரிசை இல்லாத இடத்தில் ஒருவரையொருவர் எப்படிச் சந்திப்பது? மக்களுக்கிடையில் ஒற்றுமையை வளர்ப்பதற்கு வரிசையைப் போல வேறொன்று இல்லை."

முப்பத்தைந்து நிமிடம் பேசினார். பிறகு நாடுகளைப் பார்க்கப் புறப்பட்டார். பல்லிவியாவுக்கு அவர் வரும்போது ஐந்துக்குப் பத்து நிமிடம். வாத்தியம் மாப்பிள்ளை மெட்டை வாசித்தது. ஸெய்னுதீன் எழுந்து நின்றான்.

பத்திரிகைப் படத்துக்காக, பொதுமக்களில் ஒருவர் வெளிநாட்டுப் பிரதிநிதியிடம் கேள்வி கேட்பது நிகழ்ச்சி நிரலில் இருந்தது. செயலாளர் கூட்டத்தைப் பார்த்தார். காலையிலிருந்து வெயிலில் நின்ற சனத்தில், வெள்ளைச் சேட்டும் சப்பாத்துமாக ஆளைப்போல நின்றவன் ஒருவன்தான் கண்ணில் பட்டான். அவனும் முண்டியடித்து முன்னுக்கு வந்துகொண்டிருந்தான்.

"ஐசே, நீர் வாரும். சுருக்கமா ஒரு கேள்வி. மரியாதையாக் கேளும்."

பாக்கியரத்தினம் கயிற்றடிக்கு வந்தான். அவனுக்கும் ஸெய்னுதீனுக்கும் நடுவில் ஒரு முழ தூரம் இருந்தது.

"ஐயா," என்றான். செருமிக்கொண்டான். "எங்களிலை ஒருத்தன் மூண்டு வருசத்துக்குக் கடல் கடந்து போறான். கடைசி நாள் சினேகிதனோடை இருக்க வந்தவன். இருக்கக் கிடைக்கேல்லை. உங்கட நாட்டிலை, அப்பிடிப் போறவனுக்கு என்ன சொல்லி அனுப்புவினம்?"

சின்னராசா அதைப் பல்லிவியா மொழியில் பெயர்த்தார். ஸெய்னுதீன் அதைக் கேட்கவில்லை. செயலாளர் பார்த்துக்கொண்டு நின்றார். விருந்தினர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஸெய்னுதீனின் வாயில் தமிழ் வந்து நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

"ஆஸ்தே," என்றான் கடைசியில். "ஆஸ்தே ஆரியா."

மெதுவாக. மெதுவாக இறக்கு.

"பல்லிவியாவின் தயிர் உற்பத்தி சென்ற ஆண்டு பதினான்கு வீதம் கூடியிருக்கிறது என்று சொல்லுகிறார்," என்றார் சின்னராசா. எல்லோரும் கை தட்டினார்கள்.

பாக்கியரத்தினம் கை தட்டவில்லை. அவனும் பதினெட்டு வயதுவரை துறைமுகத்து ஓரத்தில் வளர்ந்தவன்தான்.

"அவருக்குச் சொல்லுங்கோ," என்றான் சின்னராசாவிடம், ஸெய்னுதீனைப் பார்த்தபடியே. "போறவனைவிட நிக்கிறவனுக்குத்தான் பாரம் கூட எண்டு போறவனுக்குத் தெரியுமாம் எண்டு சொல்லுங்கோ. கிழமைக்கு ஒரு கடிதம் எழுதுவானாம். சனிக்கிழமை எழுதுவானாம்."

இதைப் பெயர்க்க முயன்ற சின்னராசா இரண்டு சொல்லோடு நின்றுவிட்டார். ஸெய்னுதீன் பேசத் தொடங்கினான். தனக்குத் தெரிந்த மூன்று சொற்களையும் மாற்றி மாற்றி, ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினான். எங்கே தூக்கு என்றான், எங்கே இறக்கு என்றான் என்று அவனுக்கே தெரியாது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்தது.

எல்லோரும் சின்னராசாவைப் பார்த்தார்கள். "இதை மொழிபெயர்க்க ஏலாது," என்றார் அவர்.

"மொழிபெயர்ப்பாளர் அப்பிடிச் சொல்லக் கூடாது," என்று செயலாளர் காதோடு சொன்னார்.

"வெண்ணெய் உற்பத்தி ஒன்பது வீதம்," என்றார் சின்னராசா.

விருந்தினருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. "எவ்வளவு இனிமையான மொழி," என்றார். "தன் நாட்டின் உற்பத்தியைச் சொல்லும்போது இந்த மனிதருக்குக் கண்ணீர் வருகிறது. எங்கள் ஊழியர்களுக்கு இந்த உணர்ச்சி எப்போது வரும்?" அவர் கயிற்றைத் தாண்டிக் கை கொடுத்தார். படம் எடுத்தார்கள். பாக்கியரத்தினமும் கையை நீட்டினான். பாதுகாவலர் அதை மெதுவாகத் தாழ்த்தினார். பிரதிநிதிகளுக்குக் கை கொடுப்பது விருந்தினர் மட்டும்தான். பொதுமக்கள் கும்பிடலாம் என்று விதி இருந்தது. இருபத்தைந்து வருடச் சினேகிதத்தில் முதல் தடவையாகப் பாக்கியரத்தினம் ஸெய்னுதீனைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு கூட்டம் அடுத்த நாட்டுக்கு நகர்ந்தது. அதோடு அவனும் நகர்ந்து போனான்.

ஸெய்னுதீன் கயிற்றைத் தாண்டி ஓடினான். வாசலில் அவனை மறித்தார்கள். நீல அட்டைக்காரர் உலகத்தை விட்டுப் போவதற்குச் செயலாளரின் கையொப்பம் வேண்டும். செயலாளர் அடுத்த நாட்டு மண்டபத்தில் விருந்தினரோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே வர ஐந்தேகால் ஆயிற்று. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"அருமை ஐசே, அருமை. விருந்தினர் அறிக்கையிலை உம்மைப் பற்றித் தனியா எழுதச் சொன்னவர். கண்காட்சி இன்னும் ஒன்பது நாள் இருக்கு. நாளைக்குக் காலைமை எட்டு மணிக்கு வாரும்."

"வாறன் சேர். போக விடுங்கோ. அந்தக் கோவை..."

செயலாளரின் முகம் வாடியது. "அதுதான் ஒரு சின்னச் சிக்கல். பல்லிவியாப் பிரதிநிதி எண்டு உம்மட படத்தோடை அறிக்கை இண்டைக்கே கொழும்புக்குப் போகுது. இனி அதே முகத்தை நான் இங்கை நிரந்தரமாக்கினால் என்ன ஆகும்? வெளிநாட்டவரை அரசாங்கச் சேவையிலை நிரந்தரமாக்கச் சட்டத்திலை இடம் இல்லை. ஆனால் ஒண்டுக்கும் யோசியாதையும். தற்காலிகமாக எவ்வளவு காலமும் இருக்கலாம்."

கையொப்பம் போட்டுக் கொடுத்தார்.

திரைத் துணி மேலங்கி காலில் சிக்க, ஸெய்னுதீன் ஸ்டேஷனுக்கு ஓடினான். வழியில் நாய்கள் துரத்தின. அவன் மேடைக்கு வந்தபோது ரெயிலின் கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. மேடையில் ஹிஸ்புல்லா தனியாக நின்றான்.

"கதவடியிலையே நிண்டவன் மச்சான். ரெயில் கார்ட் உள்ளுக்குப் போகச் சொல்லியும் போகேல்லை," என்றான் ஹிஸ்புல்லா. ஸெய்னுதீன் தொப்பியையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, மேலங்கியைக் கழற்றினான். ஹிஸ்புல்லா அதை வாங்கி மடித்தான். அவனுக்கு அன்று இரவு டவுனில் மாமா வீட்டில் தங்க வேண்டியிருந்தது. "நீயும் வா," என்றான். ஸெய்னுதீன் மாட்டேன் என்று தலையாட்டினான்.

பஸ் சீனன்குடாவைச் சுற்றிக்கொண்டு போய்த் துறையில் இறக்கியது. கிண்ணியாவுக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்கிற தட்டைப் படகு, ஊரார் 'பாதை' என்று சொல்வது, புறப்படத் தயாராக நின்றது. மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஸெய்னுதீன் ஓரமாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் கண்காட்சியிலிருந்து திரும்புகிற இளம் தம்பதி. பிள்ளை தகப்பனின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பல்லிவியாக்காரர்தான் பாவம்," என்றாள் அந்தப் பெண் கணவனிடம். "நாள் முழுக்க அந்தக் கதிரையிலெயே தனிய இருந்தாரு. ஒருத்தரும் அவரோட கதைக்கல்ல."

"அவங்கட பாஷை இங்க ஆருக்குத் தெரியும்?" என்றான் கணவன்.

அவளுக்கு அது போதவில்லை. ஸெய்னுதீனின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அங்க போனீங்களா? அவரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தனான்."

"அவருக்கு ஊரிலெ ஆராவது இருப்பாங்கதானே?"

ஸெய்னுதீன் தண்ணீரைப் பார்த்தான். "ஒரு சினேகிதன் இருந்தவராம்," என்றான். "இண்டைக்குத்தான் அவரும் வெளிநாடு போனாராம்."

"அல்லாவே," என்றாள் அவள். பிறகு சந்தேகமாக, "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

பாதை கரையைத் தொட்டது. சனம் மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. ஸெய்னுதீன் அவர்கள் இறங்க வழி விட்டு ஒதுங்கி நின்றான்.

"நாளைக்கும் அவர் அங்கதான் இருப்பார்," என்றான். "அந்தப் பக்கம் போனீங்களெண்டால் ஒரு சொல்லுக் கதைச்சிட்டு வாங்க. விளங்காட்டிக் காரியமில்ல."